ஓரெழுத்தால் வேறுபடும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் பயிலுவோருக்கு இடர் விளைப்பவை நெடிய சொற்களே என்று பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் நெடிய சொற்கள் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. அறியாத நெடுஞ்சொல் ஒன்றைக் கண்டவுடனே அகராதியைத் தேடுகிறோம், ஐயம் நீங்கிவிடுகிறது. அறிந்த சொல்லின் சாயலோடு வந்து நிற்கும் வேறொரு சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அதனை அறிந்த சொல்லாகவே கொண்டு வாசித்துச் சென்றுவிடுகிறோம். ஐயமே எழாதபொழுது அகராதியை நாடுவார் யார்?

தமிழர்களாகிய நமக்கு இத்தகைய இக்கட்டு புதிதன்று. கரை என்றால் ஆற்றின் ஓரம், கறை என்றால் மாசு. அரம் இரும்பை அராவுவது, அறம் மனிதனை உயர்த்துவது. வாளை நீரில் வாழும், வாழை நிலத்தில் வளரும். இவற்றைப் பிரித்தறியப் பள்ளிப் பருவத்திலேயே நம் செவியைப் பழக்கினார்கள். ஆனால் ஆங்கிலத்திலே செவி அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. அம்மொழியில் ஒரு சொல்லின் ஓர் அசையை அழுத்தி உச்சரித்து, ஏனைய அசைகளை விழுங்கிவிடுவது வழக்கம். அவ்வாறு விழுங்கப்படும் அசையிலே ஏ, ஈ, ஐ, ஓ என்னும் எழுத்துக்களுள் எது இருப்பினும் ஒலி ஏறக்குறைய ஒன்றுபோலவே மங்கிக் கேட்கும். தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்போதோ, எஞ்சியிருந்த வேறுபாடும் பல இடங்களில் மறைந்துபோகிறது. அடக்கமும் நயமும் அறிந்து நடப்பவரைக் குறிக்கும் டிஸ்கிரீட் ஒன்று; தனித்தனியாகப் பிரிந்து நிற்பவற்றைக் குறிக்கும், கணித நூலார் வழங்கும் டிஸ்கிரீட் மற்றொன்று. தமிழில் எழுதிய இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுமாறு எவரையும் கேட்க இயலாது. ஆங்கிலத்தில் முன்னதன் இறுதியில் இரண்டு ஈ எழுத்துக்கள் அருகருகே கூடி நிற்கும். பின்னதிலே அவற்றிற்கு நடுவே டீ புகுந்து பிரித்து வைத்திருக்கும். பிரிந்து நிற்பவற்றைக் குறிக்கும் சொல்லிலே எழுத்தும் பிரிந்து நிற்பது நினைவுக்கு நல்ல துணை.

கண்ணும் செவியும் ஒருங்கே கைவிடும் இடத்திலே நாம் பற்றவேண்டியது பொருள் ஒன்றே. அச்சொல் எந்த வேரினின்று கிளைத்தது, எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், தமிழில் அதற்கு நேரான சொல் யாது என்று அறிந்துகொண்டால் இரட்டையர் போன்ற சொற்கள் தாமே விலகி நிற்கும். எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கும் உள்ள வேறுபாடு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அத்தகையவற்றை விடுத்து, அருகியே வழங்குவனவும், வந்தால் காரியத்தையே புரட்டிவிட வல்லனவுமாகிய சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

மென்டாஸிட்டி, மென்டிஸிட்டி என்பன அத்தகைய இரண்டு சொற்கள். ஐந்தாம் எழுத்து ஏ ஆனால் பொய்ம்மை; ஐ ஆனால் இரந்துண்ணல். லத்தீன் மொழியில் மென்டாக்ஸ் என்பவன் பொய்யன். மென்டிகஸ் என்பவன் இரவலன். இவ்விரண்டும் குறை அல்லது பிழை என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து தோன்றியிருக்கவேண்டும் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். உடலிற் குறையுடையவன் இரந்தான். சொல்லிற் குறையுடையவன் பொய்த்தான் போலும். வேர் ஒன்றாயினும் கிளைகள் இரண்டும் நெடுந்தூரம் விலகிவிட்டன. வள்ளுவரும் இரத்தலை ஓர் அதிகாரத்திலும் வாய்மையை வேறோர் அதிகாரத்திலும் வைத்தே பேசினார்.

லண்டன் மாநகரில் 1818-ஆம் ஆண்டு இரவலர் தொல்லையை ஒடுக்குவதற்கென்று ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதன் பெயரில் இந்த மென்டிஸிட்டி என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. இரப்பவனுக்குக் காசு கொடாமல் சங்கத்தின் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவர். அவன் அதனைக் கொண்டு சங்கத்தின் அலுவலகத்திற்குச் சென்றால், அங்குள்ளோர் அவன் கூறும் துன்பம் மெய்யோ பொய்யோ என்று விசாரித்து, உணவோ உதவியோ அளிப்பர். ஐந்தாம் எழுத்தை மாற்றிவிட்டால் அது பொய் பேசுவதை ஒடுக்கும் சங்கமாகிவிடும். அச்சங்கத்தார் நாள்தோறும் செய்த வேலையைப் பார்த்தால், அப்பெயரும் முற்றிலும் பொருந்தாது என்று கூறுவதற்கில்லை!

ஆயினும் இது நகைத்துவிட்டுப் போகும் செய்தியன்று. இரப்பவர் எல்லோரும் பொய்யர் என்னும் எண்ணம் சட்டங்களிலும் நிழலாடியிருக்கிறது. நம் நாட்டிலே 1945-இல் சென்னை மாகாணத்திலும் 1959-இல் பம்பாயிலும் இரத்தலைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பம்பாய்ச் சட்டம் தலைநகராகிய டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. இரத்தலைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வறுமை வேறு, வஞ்சகம் வேறு என்னும் தெளிவு இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை. அத்தெளிவு நிலவவேண்டிய ஓர் ஆவணத்திலே, இரவலர் நிலையைக் குறிக்க எழுதிய சொல் ஓரெழுத்துப் பிழையால் அவரைப் பொய்யராக்கிவிட்டால் என்ன ஆகும்? இந்த ஐயத்திற்கே இடமில்லாமல் மென்டிகன்ஸி என்னும் மற்றொரு வடிவத்தை இக்காலத்தார் பெரிதும் கையாளுகின்றனர். விடுதலை இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் மிதவாதிகள் அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதி வேண்டிநின்ற முறையைத் தீவிரக் கட்சியினர் இகழ்ந்ததும் இந்தச் சொல்லாலேயே. ஐயம் விளைக்கும் சொல்லுக்கு ஈடாக ஐயமற்ற சொல் கிடைக்குமானால் அதனையே மேற்கொள்ளுதல் நலம் என்பது நம் கருத்து.

அலுவலகங்களிலே ஒருவருடைய நடத்தையைக் குறித்து மேலதிகாரி எழுதும் குறிப்பில் நேரக்கூடிய விபத்து வேறொன்று உண்டு. வீனல் என்பது விலைக்கு வாங்கத்தக்க, கையூட்டுக்கு இணங்குகிற என்று பொருள்படும். வீனியல் என்பது மன்னிக்கத்தக்க, சிறிய என்று பொருள்படும். முன்னதன் வேர் விற்பனையைக் குறிக்கும் லத்தீன் சொல். பின்னதன் வேர் மன்னிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். இருமுறை காலந்தாழ்ந்து வந்த ஓர் எழுத்தரின் பிழை வீனியல். கோப்பை நகர்த்தக் காசு வாங்கியவரின் பிழை வீனல். ஐ என்னும் ஒற்றை எழுத்தைத் தட்டச்சாளர் விட்டுவிட்டால், நேரந் தவறியவர் நேர்மை தவறியவராகிவிடுவார். இதிலே நினைவிற்கு ஒரு பிடி உண்டு. விற்பனையாளரைக் குறிக்கும் வெண்டர் என்னும் சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். வீனல் அதன் உறவினர். முத்திரைத்தாள் விற்பவரை வெண்டர் என்றே நம் ஊர்களில் அழைக்கிறார்கள். அவர் விற்பது தாள். வீனல் மனிதன் விற்பது தன்னை.

அரசாங்கச் செய்திகளில் அடிக்கடி எதிர்ப்படுவன ஆர்டினன்ஸ், ஆர்ட்னன்ஸ் என்னும் இரண்டு. நடுவில் ஐ உள்ள ஆர்டினன்ஸை அவசரச் சட்டம் என்று தமிழில் வழங்குகிறோம். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கூடியிராத சமயத்தில் குடியரசுத் தலைவர் இதனைப் பிறப்பிக்க அரசியலமைப்பின் 123-ஆவது பிரிவு இடந்தருகிறது. மாநிலங்களிலே ஆளுநருக்கு இவ்வதிகாரத்தை அளிப்பது 213-ஆவது பிரிவு. சபை மீண்டும் கூடிய ஆறு வாரத்திற்குள் ஒப்புதல் பெறாவிடின் அவசரச் சட்டம் காலாவதியாகும். நடுவில் ஐ இல்லாத ஆர்ட்னன்ஸோ பீரங்கி, வெடிமருந்து முதலிய படைக்கலத் தளவாடங்களைக் குறிப்பது.

வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒழுங்குபடுத்துதல், ஏற்பாடு செய்தல் என்பதே மூலப் பொருள். நாட்டை ஒழுங்குபடுத்தும் ஆணை ஒன்றாயிற்று. படைக்கு வேண்டிய கருவிகளை ஏற்பாடு செய்தல் மற்றொன்றாயிற்று. பீரங்கிக்காரர் வாயிலே சொல் தேய்ந்து ஐ உதிர்ந்துவிட்டது. அந்தத் தேய்ந்த வடிவமே பிரிட்டனில் நில அளவைத் துறையின் பெயரிலும் நிலைத்திருக்கிறது. 1791-இல் அவ்வேலை தொடங்கியபோது அதனை மேற்கொண்டது பீரங்கித் தளவாட வாரியம். படையெடுப்பு நேருமானால் பீரங்கியை எங்கே நிறுத்துவது என்று அறிய நாட்டின் படம் வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் அருவங்காடு, ஆவடி, திருச்சி முதலிய இடங்களிலுள்ள படைக்கலத் தொழிற்சாலைகள் இந்தச் சொல்லைப் பெயரிலே தாங்கிய ஒரு வாரியத்தின்கீழ் இயங்கின. அவ்வாரியம் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அச்செய்தியைத் தமிழில் தருவோர் அவசரச் சட்டத் தொழிற்சாலை என்று எழுதாதிருக்கவேண்டுமாயின், அருகில் நிற்கும் சொல்லைப் பார்த்தாலே போதும். தொழிற்சாலை, கிடங்கு, படை என்பன சேர்ந்து வந்தால் அது தளவாடம். பிறப்பித்தல், பிரிவு, காலாவதி என்பன சேர்ந்து வந்தால் அது சட்டம்.

இனி, ஒன்றுக்கொன்று நேர் எதிரான பொருள் கொண்ட ஓரிணையைக் காண்போம். பிரிஸ்கிரைப் என்றால் இன்னது செய்க என்று விதித்தல். புரோஸ்கிரைப் என்றால் இன்னது கூடாது என்று தடைசெய்தல். இரண்டிலும் எழுதுதல் என்னும் வேர் இருக்கிறது. முன்னதாக எழுதிவைப்பது விதி. யாவரும் காண எழுதி ஒட்டுவது தடையானது எவ்வாறு எனில், அதற்கு ரோமாபுரியின் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். கி.மு. 82-இல் சுல்லா என்னும் படைத்தலைவன் ஆட்சியைக் கைப்பற்றியதும் தன் பகைவர்களின் பெயர்களைப் பொதுவிடத்தில் எழுதி வைத்தான். அப்பட்டியலில் இடம்பெற்றவரை எவரும் கொல்லலாம். கொன்றவருக்குப் பரிசு உண்டு. இறந்தவரின் உடைமை பறிமுதலாகும். வெறும் விளம்பரத்தைக் குறித்துக்கொண்டிருந்த சொல் அன்றுமுதல் குருதி தோய்ந்த சொல்லாயிற்று.

நம் நாட்டில் ஆங்கில ஆட்சியின்போது அந்தச் சொல் புத்தகங்களின்மீது பாய்ந்தது. 1928-இல் சென்னை அரசாங்கம் பாரதியார் பாடல் நூல்களைத் தடைசெய்து பறிமுதல் செய்தபோது, சட்டசபையிலே சத்தியமூர்த்தி எழுந்து அதனைக் கடுமையாக எதிர்த்தார். அன்றைக்கு அந்நூல்கள் புரோஸ்கிரைப் செய்யப்பட்டவை. பின்னர் அதே பாடல்கள் பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்டன. அதாவது பிரிஸ்கிரைப் செய்யப்பட்டவை. ஒரே கவிஞரின் பாடல்கள் இரண்டு சொற்களுக்கும் எடுத்துக்காட்டாக நிற்பது நம் சரித்திரம் நமக்கு அளித்த இலக்கணப் பாடம். பிரிஸ்கிரிப்ஷன் என்றவுடன் மருந்துச்சீட்டு ஒன்றே நினைவுக்கு வருகிறது. சட்டத்தில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. பிறர் நிலத்தின்வழியே 20 ஆண்டுகள் தடையின்றியும் வெளிப்படையாகவும் உரிமையோடு நடந்து வந்தவருக்கு அவ்வழி நடக்கும் உரிமை உறுதியாகிவிடும் என்று 1882-ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டம் கூறுகிறது. நெடுநாள் அனுபவத்தால் வரும் அந்த உரிமைக்கும் பிரிஸ்கிரிப்ஷன் என்றே பெயர்.

அதே ஆட்சிக் காலத்தில் மற்றோர் இணையும் நாளிதழ்களில் உலவியது. இன்டர்ன்மென்ட் என்பது விசாரணையின்றி ஓரிடத்தில் காவலில் வைத்தல். இன்டர்மென்ட் என்பது புதைத்தல். அன்னி பெசன்ட் அம்மையார் 1917 ஜூன் மாதம் இவ்வாறு காவலுக்கு ஆளாகி உதகமண்டலத்தில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் விடுதலையாகி, அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தில் அச்சுக் கோப்பவர் என் என்னும் ஓர் எழுத்தைக் கைநழுவ விட்டிருந்தால் அம்மையாரை அடக்கம் செய்தாயிற்று என்று செய்தி போயிருக்கும்! புதைத்தலைக் குறிக்கும் சொல்லில் மண்ணைக் குறிக்கும் டெர்ரா என்னும் லத்தீன் வேர் ஒளிந்திருக்கிறது. மற்றதில் உட்புறம் என்னும் வேர். உள்ளே அடைத்தல் வேறு, மண்ணில் இடுதல் வேறு.

சரித்திரத்தை விட்டு வீட்டுப் பத்திரத்திற்கு வருவோம். எளிய குடும்பங்களுக்கு இங்கேதான் உண்மையான இடர் இருக்கிறது. வீட்டை அடைமானம் வைத்துக் கடன் வாங்கும்போது வங்கியினர் நீட்டும் ஆங்கிலப் பத்திரத்திலே மார்ட்கேஜர், மார்ட்கேஜீ என்று இருவர் வருவர். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58-ஆவது பிரிவில் இவர்களை வரையறுக்கிறது. இதிலே பலர் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. அர் என்று முடியும் சொல் கொடுப்பவரையும், ஈ என்று முடியும் சொல் பெறுபவரையும் குறிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். பணம் கொடுப்பது வங்கி. ஆகவே மார்ட்கேஜர் என்பது வங்கி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பத்திரத்தின் பொருளோ பணமன்று, அடைமானம். அடைமானமாகச் சொத்தைக் கொடுப்பவர் வீட்டுக்குடையவர்; அவரே மார்ட்கேஜர். அதனைப் பெற்றுக்கொள்ளும் வங்கி மார்ட்கேஜீ. கொடுக்கப்படும் பொருள் எது என்று முதலில் கேட்டுக்கொண்டால் இவ்வினத்துச் சொற்கள் யாவும் தெளிந்துவிடும். குத்தகைக்கு விடுபவர் லெஸ்ஸர், எடுப்பவர் லெஸ்ஸீ. ஒரு பொருளைப் பாதுகாக்க ஒப்படைப்பவர் பெய்லர், அதனை ஏற்பவர் பெய்லீ. காசோலையிலே பணம் பெறுபவர் பேயீ. குத்தகைக்கு விடும் லெஸ்ஸரின் பெயர், சிறியது என்னும் பொருளுடைய வேறொரு லெஸ்ஸரைப் போலவே ஒலிக்கும் என்பதையும் கூறிவைக்கலாம். குத்தகைப் பத்திரத்திலே பெரும்பாலும் அவர்தான் பெரியவர்.

மார்ட்கேஜர் இன்னின்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று பத்திரத்திலே ஒரு பக்கம் நீளும். மார்ட்கேஜீ இன்னின்ன செய்ய உரிமையுடையவர் என்று மற்றொரு பக்கம் நீளும். யார் யார் என்று அறியாமல் கையொப்பமிட்டவர், தம் கடமைகளை வங்கியின் கடமைகள் என்று எண்ணி நிம்மதியாக வீடு திரும்பக்கூடும். ஆதலின் கையொப்பத்திற்குமுன் அவ்விரு சொற்களுக்கும் மேலே தமிழிற் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வாசிப்பது சிறுமையன்று.

இடையிலே சற்று இளைப்பாறலாம். விடுப்பு விண்ணப்பத்திலே காஷுவல் என்று எழுதவேண்டிய இடத்தில் யூவும் எஸ்ஸும் இடம் மாறிக் காஸல் என்று ஆகிவிடுவதைப் பல அலுவலகங்களிற் காணலாம். காஷுவல் என்றால் தற்செயல். தமிழில் தற்செயல் விடுப்பு என்றே அழகாகப் பெயரிட்டிருக்கிறோம். காஸல் என்றால் காரணம் பற்றியது. தற்செயல் என்பது காரணமின்றி நேர்வது என்று கொண்டால், இவ்விரண்டு சொற்களும் தத்துவ சாத்திரத்தில் நேர்ப் பகைவர்கள். விடுப்புக்குக் காரணம் கேட்கும் அதிகாரிக்கு மட்டும் இப்பிழை மகிழ்ச்சி தரலாம்.

நாள்காட்டியாகிய காலண்டரை அறியாதார் இல்லை. அதன் இறுதி ஏயை ஈயாக்கினால் நெசவாலைகளிலும் காகித ஆலைகளிலும் உள்ள ஓர் இயந்திரம் கிடைக்கும். கனத்த உருளைகளுக்கு நடுவே துணியையோ தாளையோ செலுத்தி அழுத்தி வழவழப்பாக்குவது அது; உருளை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். நாள்காட்டியோ, மாதத்தின் முதல் நாளுக்கு ரோமர் இட்ட பெயரிலிருந்து வந்தது. இயந்திரத்தின் எழுத்துக்களையே அப்படியே தாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். அவர் ஊர் ஊராகத் திரியும் கலந்தர் என்னும் முஸ்லிம் துறவி. ஆயிரத்தோர் இரவுக் கதைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மூன்று காலண்டர்கள் வந்து கதை சொல்லுவார்கள். அவர்களைச் சுவரில் மாட்டும் நாள்காட்டி என்று எண்ணிய வாசகர் எத்தனை பேரோ!

மருத்துவத்திலே நுழைந்தால் நகைப்புக்கு இடமில்லை. ஹைப்போ என்னும் கிரேக்க முன்னொட்டு கீழே, குறைவு என்று பொருள்படும். ஹைப்பர் மேலே, மிகுதி என்று பொருள்படும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்து ஒருவர் வியர்த்து மயங்கும் நிலை ஹைப்போகிளைசீமியா. உடனே சர்க்கரை கொடுத்தாகவேண்டும். மிகுந்திருக்கும் நிலை ஹைப்பர்கிளைசீமியா; அங்கே சர்க்கரை கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆகவே இவ்விரு சொற்களும் இனி மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. தொலைபேசியிலே மருத்துவமனை சொல்லும் சொல்லைச் சரியாகக் கேட்கவேண்டிய கடமை வீட்டாருக்கும் உண்டு. ஐயமிருப்பின், குறைவா மிகுதியா என்று தமிழிலே கேட்டுவிடுவது மேல்.

டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் இடர். டிஸ்ஃபேஸியா என்றால் மொழியை ஆளுவதில் இடர். ஆங்கிலத்தில் ஜீயும் எஸ்ஸும்தான் வேற்றுமை. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் கண்டவர்களுக்கு இவ்விரண்டுமே நேரக்கூடும் என்பதால் ஒரே நோயாளியின் குறிப்பேட்டில் இரண்டும் வரலாம். பேச இயலாதவருக்குத் தண்ணீர் கொடுப்பதில் தவறில்லை. விழுங்க இயலாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அது மூச்சுக் குழலினுள் இறங்கி நுரையீரலில் அழற்சி உண்டாக்கும், உயிருக்கே ஆபத்தாகும். இதனை உணர்ந்த மருத்துவர்கள் பேச்சுக் குறைபாட்டைக் குறிக்க டிஸ்ஃபேஸியா என்பதை விடுத்து அஃபேஸியா என்பதையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். இடுப்பெலும்பின் மேற்பகுதியையும் சிறுகுடலின் கடைப்பகுதியையும் குறிக்கும் இரண்டு இலியங்களோ இன்னும் பிரியவில்லை. நடுவெழுத்து ஈ ஆனால் குடல், ஐ ஆனால் எலும்பு. உண்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஈ. உண்டது போய்ச் சேருமிடம் குடல் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்.

மருந்துகளின் பெயரிலும் இதே கதைதான். நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு இரண்டு அருமருந்துகள் கிடைத்தன: வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். முன்னதன் அளவு பின்னதன் அளவைக் காட்டிலும் சில மடங்கு அதிகம். ஒன்றன் அளவில் மற்றொன்றைச் செலுத்திவிட்டால் அருமருந்தே நஞ்சாகும். இத்தகைய பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்துக்களில் அச்சிடும் முறையை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2001-இல் மேற்கொண்டது. ஓடுகிற கண்ணை ஒரு கணம் தடுத்து நிறுத்துவதே அதன் நோக்கம். வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும் லோசெக் என்னும் மருந்தின் பெயர், சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் என்னும் மருந்தின் பெயரோடு கையெழுத்திலே குழம்பியதால், 1990-இல் அந்நாட்டில் அதற்குப் பிரைலோசெக் என்று பெயரையே மாற்றினார்கள். ஆகவே இச்சொற்களைக் குழப்பிக்கொள்ளும் மாணவன் வெட்கப்பட வேண்டுவதில்லை. கற்றுத் தேர்ந்தவர்களே குழம்பிய இடம் அது.

இன்ஃப்ளேமபிள் என்னும் சொல்லும் அத்தகையதே. இன் என்னும் முன்னொட்டு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இன்மையைக் குறிப்பது. அதனால் இன்ஃப்ளேமபிள் என்பதைத் தீப்பற்றாதது என்று பொருள்கொள்வோர் உண்டு. உண்மையிலோ, தீ மூட்டுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லில் இன் என்பது உள்ளே என்னும் பொருளில் நின்று, எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள் தருகிறது. ஃப்ளேமபிள் என்றாலும் அதுவே பொருள். எதிர்ப்பொருள் வேண்டுமானால் நான் என்பதை முன்னே சேர்த்து நான்ஃப்ளேமபிள் என்று சொல்லவேண்டும். இச்சொல்லைத் தவறாகப் படித்தவர் உயிரையே இழக்கக்கூடும் என்று கண்ட அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தார் 1920-களில், எச்சரிக்கைப் பலகைகளில் இன் இல்லாத வடிவத்தையே எழுதுமாறு வற்புறுத்தினர். அதன்பின் அவ்வடிவமே மெல்ல மெல்லப் பரவியது. நம் நெடுஞ்சாலைகளில் பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளிலே பழைய சொல்லும் புதிய சொல்லும் இரண்டும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். அருகில் தீச்சுடர் ஒன்றும் வரைந்திருப்பார்கள். எந்த மொழியும் அறியாதவர் பீடியை அணைப்பது அதனைப் பார்த்துத்தான்.